கையில வச்சு ஜெபிக்கிறதுக்காகவே செதுக்கின தந்தம்: பாரிஸ் பட்டறைகளைப் பத்தி ஒரு நீளமான பதில்

லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு போயிருந்தப்போ, கண்ணாடிப் பெட்டிக்குள்ள புத்தகம் மாதிரி விரிச்சு வச்ச ரெண்டு தந்தப் பலகையைப் பார்த்திருக்கீங்க. ஒண்ணுல மாதாவும் குழந்தையும், இன்னொண்ணுல சிலுவை, கீழ பாரிஸ், 14ம் நூற்றாண்டுன்னு ஒரு சீட்டு. உங்க கேள்வி நாலு: உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசா இருக்கிற இதை கோயில்ல எங்க வைப்பாங்க, யானையே இல்லாத ஊருக்கு தந்தம் எங்கேர்ந்து வந்துச்சு, அது நம்ம பக்கத்து தந்தமா இருக்குமா, ஏன் எல்லாமே வெள்ளையா இருக்கு. நாலும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு, அதனால வரிசை நம்பர் போடாம என் போக்குல சொல்றேன்.

முதல் கேள்விக்கு நேரா பதில்: கோயில்ல வைக்கிறதுக்கு செஞ்சதே இல்ல. பீடத்துல வச்சா மூணாவது வரிசையில இருக்கிறவனுக்கே ஒண்ணும் தெரியாது. இது ஒரு ஆள், மிஞ்சிப்போனா ரெண்டு ஆள், மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கைக்கெட்டுற தூரத்துல வச்சு பார்க்கிறதுக்கு செஞ்சது. ரெண்டு பலகைக்கும் நடுவுல உலோகக் கீல் இருக்கும், ஜெபம் முடிஞ்சா மூடிடலாம், மூடினா செதுக்கு வேலை முழுக்க உள்பக்கம் போயிடும், தோல் உறையில போட்டு பயணத்துக்கு எடுத்துக்கலாம். அந்தக் காலத்து ராஜா, பிரபுக் குடும்பங்கள் ஒரே அரண்மனையில உக்காந்திருந்தவங்க இல்ல, வருஷம் பூரா ஊர் ஊரா மாறிக்கிட்டே இருப்பாங்க, கூடவே படுக்கை திரைச்சீலை பாத்திரம் எல்லாம் வண்டியில போகும். அப்படி போறவங்களுக்கு மடிச்சு வைக்கிற பூசை சாமான் தேவைப்பட்டுச்சு. மியூசியத்துல விரிச்சு, பின்பக்கம் தெரியாம, குத்தி நிறுத்தி வச்சிருக்காங்களே, அது பாதுகாப்புக்கு சரிதான், ஆனா அந்தப் பொருளோட பாதி விஷயத்தை அது மறைச்சிடுது. புழங்கின சாமானை படம் மாதிரி மாட்டி வச்சா அப்படித்தான் ஆகும்.

ஏன் திடீர்னு இப்படி வீட்டு ஜெபத்துக்கு மவுசு வந்துச்சுன்னு கேட்டா, 1200களை கொஞ்சம் பார்க்கணும். 1215ல ரோம்ல நடந்த நாலாவது லாத்தரன் சங்கம், அதாவது திருச்சபையோட பெரிய கூட்டம், பெரியவங்க ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது குருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி, அதாவது பாவத்தை ஒப்புக்கிட்டு, நற்கருணை வாங்கியே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. அதே காலத்துல பிரான்சிஸ்கன், டொமினிக்கன்னு ரெண்டு துறவி சபைகள் ஊருக்குள்ள வந்து பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சாங்க. குறிப்பா பிரான்சிஸ்கன்கள் சொல்லிக்கொடுத்த முறை என்னன்னா, இயேசுவோட பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களை, கதையா கேக்காத, நீயே அங்க நிக்கிற மாதிரி நினைச்சுப்பாரு, மாதா அழறப்போ பக்கத்துல நில்லு, அந்த ஆணியோட சத்தத்தைக் கேளுன்னு. இதுக்கு கூடவே வசதியான வீடுகள்ல, அதுவும் பொம்பளைங்க கையில, ஜெப நேரப் புத்தகங்கள் வந்துச்சு, குருக்கள் மடத்துல ஓதுற மாதிரியே ஒரு நாளைக்கு எட்டு வேளை மாதா ஜெபம் சொல்றதுக்கு. வாய்க்கு ஜெபம் புத்தகத்துல இருக்கு, கண்ணுக்கு எதிர்ல ஒண்ணு வேணும்ல. அந்த இடத்துல வந்து உக்காந்ததுதான் இந்த தந்த வேலை. சுமார் 1230லேர்ந்து 1400 வரைக்கும் இதுக்கு தலைமையிடம்னா பாரிஸ் தான்.

வடிவங்கள் பல. தனியா நிக்கிற மாதா சுரூபம், அதாவது சிலை, ஒண்ணு. ரெண்டு பலகை, மூணு பலகை வகை ஒண்ணு. அப்புறம் கூடு வகை, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது: நடுவுல சின்ன கோபுரக் கூரைக்கு அடியில மாதா நிப்பாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டா மெல்லிசு கதவு, அதுல மங்கள வார்த்தை (தேவதூதர் மாதாகிட்ட சேதி சொன்னது), எலிசபெத்தை சந்திச்சது, பிறப்பு, மூணு ராஜாக்கள், கோயில்ல காணிக்கை கொடுத்ததுன்னு காட்சிகள். கதவை மடக்கினா மாதாவை சுத்தி நாலு பக்கமும் மூடி ஒரு பெட்டி ஆயிடும். திறக்கிறப்போ முதல்ல பக்கத்துக் கதவு, அப்புறம் உள் கதவு, கடைசியா மாதா முகம். திறக்கிறதே ஒரு சடங்கு, கர்ப்பகிரகத்துல திரை விலகற அந்த நேரத்தை அனுபவிச்சவங்களுக்கு இதை தனியா விளக்க வேண்டியதில்ல.

நீங்க பார்த்தது ரெட்டைப் பலகை. ஒரு சாதாரண 14ம் நூற்றாண்டு ரெட்டைப் பலகையை கிட்ட வச்சு பார்க்கலாம். இடது பலகையில கூர்மையான வளைவுக்கு அடியில மாதா நிக்கறாங்க, இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, அந்தப் பக்கத்துக் கையில குழந்தை. ரெண்டு பக்கமும் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடிச்சு நிக்குது, மேல மேகத்துலேர்ந்து பாதி உடம்பை நீட்டி இன்னொரு சம்மனசு மாதா தலையில கிரீடம் வைக்குது. வலது பலகையில அதே அளவு வளைவு, அதே அளவு இடம், நடுவுல சிலுவை. இந்தப் பக்கம் மாதா மயங்கி சரியறாங்க, கூட வந்த பொண்ணுங்க தாங்கிப் பிடிக்கறாங்க. அந்தப் பக்கம் இயேசுவோட சீடர் யோவான் ஒரு கையில புத்தகம், இன்னொரு கையை கன்னத்துல வச்சு நிக்கறார், அந்தக் காலத்து சிற்பத்துல துக்கம்னா கன்னத்துல கை தான். இப்ப ரெண்டையும் சேர்த்து பாருங்க. இடது பக்கம் அம்மா நிமிர்ந்து நின்னு பிள்ளையை தூக்கி வச்சிருக்காங்க, வலது பக்கம் பிள்ளை தொங்கறான், அம்மாவால நிக்க முடியல. நடுவுல இருக்கிற கீல்தான் முப்பத்து மூணு வருஷம். ஜெபிக்கிற ஆள் கண்ணு ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு போய்ட்டு வரும், வரணும்னு தான் செஞ்சிருக்காங்க.

காட்சி அதிகமா இருக்கிற பலகைகள் வேற மாதிரி. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்லயே இருக்கிற சுவாசோன் ரெட்டைப் பலகையை எடுத்துக்கங்க, 1280லேர்ந்து 1300 வாக்குல செஞ்சது, பிரான்ஸ்ல சுவாசோன் ஊர்ல இருந்த சேன் ஜான் தெ வீன்யு மடத்துலேர்ந்து வந்ததா சொல்றாங்க. சுமார் ஒரு அடி உயரம். ஒவ்வொரு பலகையும் அந்தக் காலத்து ஐரோப்பிய பாணியான கோதிக் கோயில் முகப்பு மாதிரியே, கூர் வளைவு, முக்கோண முகடு, சின்னச் சின்ன கோபுரம்னு கட்டியிருப்பாங்க, அந்த வளைவுகளுக்கு அடியில அடுக்கடுக்கா பாடுகளோட கதை. இந்த மாதிரி பலகைகளை நிறைய நேரம் கீழ் வரிசையிலேர்ந்து மேல் நோக்கி படிக்கணும். மேலேர்ந்து படிச்சு பழகின நமக்கு முதல்ல குழம்பும், ஆனா யோசிச்சா கதையே அப்படித்தான் ஏறுது: கீழ காட்டிக்கொடுத்தது, நடுவுல சிலுவை, மேல உயிர்ப்பும் பரலோகமும். சில பாடுகள் பலகைகள்ல யூதாஸ் தூக்குல தொங்கி குடல் வெளிய சரிஞ்சு கிடக்கிறதைக் கூட விடாம செதுக்கியிருக்காங்க. தந்தத்துல அந்தக் குடலை அவ்ளோ பொறுமையா சுருள் சுருளா எடுத்த ஆளை நினைச்சா கொஞ்சம் சிரிப்பும் வருது.

இது எல்லாம் வெறும் கண்ணுக்குன்னு நினைச்சுக்காதீங்க. பழைய தந்தங்களை சாய்வு வெளிச்சத்துல பார்த்தா சில இடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு இருக்கும், மாதா மூக்கு, குழந்தை தலை, சிலுவையில இருக்கிறவரோட கால். பின்பக்கத்துல இருக்கிற உளித்தடம் அப்படியே கூர்மையா இருக்கும், முன்பக்கம் முகம் மட்டும் கரைஞ்சிருக்கும். தலைமுறை தலைமுறையா விரல் பட்டிருக்கு, உதடு பட்டிருக்கு. நம்ம பக்கத்துல வேளாங்கண்ணியிலயும் சரி எந்தக் கோயில் தூண் சிற்பத்துலயும் சரி, தொட்டு கண்ணுல ஒத்திக்கிற இடம் எப்படி மின்னுமோ அதே தேய்மானம் தான். எல்லா தேய்மானமும் பக்தியால வந்ததுன்னும் சொல்ல முடியாது, 19ம் நூற்றாண்டுல வியாபாரிங்க போட்டு கழுவித் தேய்ச்சதும் உண்டு. ஆனா ஒரு இடத்துல மட்டும் குழி விழுந்த மாதிரி தேஞ்சிருந்தா அது துணி போட்டு துடைச்சதால வராது.

இதுல உச்சம்னு நான் சொல்றது பிரான்ஸ்ல செஞ்சதே இல்ல, பக்கத்துல ரைன் நதிப் பக்கம், 1330, 1340 வாக்குல செஞ்சது, இதுவும் அதே லண்டன் மியூசியத்துல தான் இருக்கு. தந்தத்தை மெல்லிசா அறுத்து ஏடு ஆக்கி புத்தகமா கோத்திருக்காங்க, உள்ளங்கை அளவு. வெளிப்பக்கம் செதுக்கு வேலை, உள்ள ஏடுகள்ல வண்ணப்படம். அந்தப் படங்கள்ல சிலதுல ஆளே கிடையாது. ஒரு ஏட்டுல யூதாஸ் காட்டிக்கொடுக்க வாங்கின முப்பது காசு, ஒண்ணுல காலடித் தடம், ஒண்ணுல விலாக் காயம் மட்டும் தனியா. கதை எல்லாம் ஏற்கனவே மனப்பாடமா இருக்கிற ஆளுக்குத்தான் இது, காசைக் காட்டினா போதும், மிச்சத்தை அவங்களே உள்ளுக்குள்ள ஓட்டிக்குவாங்க.

சரி, யானைக்கு வருவோம்.

தந்தம் ஆப்பிரிக்க யானையோடது, அதுவும் பெரும்பாலும் சமவெளியில திரியற பெரிய வகை. நம்ம பக்கத்து யானைத் தந்தம் பொதுவா மெலிசு, பொம்பளை யானைக்கு வெளிய தெரியற தந்தமே இல்ல. பாரிஸ்காரங்களுக்கு வேண்டியிருந்தது குறுக்களவு. ஒரு மாதா சுரூபம் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் வரணும்னா அந்த அளவு கெட்டியான தந்தம் வேணும், அதுலயும் தந்தத்தோட வேர்ப்பக்கம் மூணுல ஒரு பங்கு உள்ள கூடா இருக்கும், அங்க சுரூபம் எடுக்க முடியாது. ஆகவே மிச்சம் இருக்கிற கெட்டிப் பகுதியிலேர்ந்து தான் எல்லாம். கிழக்கு ஆப்பிரிக்க ஸ்வாஹிலி கடற்கரையிலேர்ந்து ஏடன், செங்கடல் வழியா எகிப்து, அங்கேர்ந்து மத்தியதரைக் கடல்னு ஒரு பழைய பாதை ரொம்ப நாளா இருந்துச்சு. ஆனா வட ஐரோப்பாவுக்கு 1100களோட கடைசியில, 1200களோட ஆரம்பத்துல யானைத் தந்தம் ரொம்பக் கம்மியாத்தான் வந்துச்சு, அங்க நிறைய வேலை கடல்சிங்கத்தோட சொந்தக்காரன் வால்ரஸ் பல்லுல தான் பண்ணாங்க. அப்புறம் 1250க்கு மேல பாரிஸ்ல திடீர்னு தந்தம் குவியுது. ஏன்?

இதுக்கு சாரா கெரான்னு ஒரு கலை வரலாற்று ஆய்வாளர் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்ப நம்பும்படியா இருக்கு. காரணம் தந்தமே இல்ல, படிகாரம். பிளாண்டர்ஸ் (இப்ப பெல்ஜியம் பக்கம்), வட பிரான்ஸ்ல நார்மண்டி பக்கம் கம்பளித் துணி பெரிய தொழில், சாயம் பிடிக்கணும்னா படிகாரம் டன் கணக்குல வேணும், அது வர்றது சின்ன ஆசியாவிலேர்ந்தும் (இப்ப துருக்கி) வட ஆப்பிரிக்காவிலேர்ந்தும். மலைப்பாதையில கழுதை மேல ஏத்திக் கட்டுப்படியாகாது. அதனால இத்தாலி கப்பல்காரங்க ஜிப்ரால்டர் ஜலசந்தியைத் தாண்டி அட்லாண்டிக் வழியா நேரா வடக்கே ஓட்ட ஆரம்பிச்சாங்க, 1277ல ஜெனோவா கப்பல் பிளாண்டர்ஸ் பக்கம் போனது பதிவுல இருக்கு. அடியில மூட்டை மூட்டையா படிகாரம், மேல இருக்கிற இடத்துல கனம் கம்மி விலை அதிகம்னு மிளகு, பட்டு, கூடவே தந்தம். அதாவது பாரிஸ் சீமாட்டி கையில இருந்த மாதாவை அங்க கொண்டு வந்து சேர்த்தது சாயப்பட்டறை. பக்தி வரலாறு எழுதறவங்க இந்த மாதிரி விஷயத்தை விட்டுடுவாங்க, எனக்கு இது தான் கதையில ருசியான இடம்.

நம்ம பக்கத்துக்கும் கிறிஸ்தவ தந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது வேற கதை, 1500களுக்கு அப்புறம் போர்ச்சுகீசியர் வந்த பிறகு கோவாவிலயும் இலங்கையிலயும் செதுக்கின நல்ல மேய்ப்பன், மாதா, பாலன் சுரூபங்கள். பாரிஸ் வேலைக்கும் அதுக்கும் நூறு வருஷத்துக்கு மேல இடைவெளி. ரெண்டையும் போட்டு குழப்பிக்க வேண்டாம்.

செதுக்கினது யாரு? சாமியார்கள்னு நிறைய பேர் நினைக்கறாங்க, இல்ல, காசு வாங்கிக்கிட்டு வேலை செஞ்ச பட்டறைக்காரங்க. 1260கள்ல பாரிஸ் நகர நிர்வாகியா இருந்த எத்தியேன் புவாலோ, ஊர்ல இருந்த தொழில் சங்கங்களோட விதிகளை எல்லாம் எழுதி வாங்கி தொகுத்து வச்சார், அதுல பார்த்தா தந்தம் ஒரே சங்கத்துக்கு சொந்தமா இல்ல. சுரூபம் செதுக்கறவங்க தனி, சீப்பு செய்யறவங்க தனி, எழுதற மெழுகுப் பலகை செய்யறவங்க தனி, ஜெபமாலை மணி கடையறவங்க தனி, கத்திப்பிடி போடறவங்க தனி. சுரூபக்காரங்க, நாங்க செய்யற வேலை ஆண்டவருக்கும் புனிதர்களுக்கும் சேவை, அதனால எங்களுக்கு ராத்திரி காவல் ரோந்துலேர்ந்து விலக்கு வேணும்னு அதுல சொல்லியிருக்காங்க. சாமி பேரைச் சொல்லி நைட் டியூட்டியிலேர்ந்து தப்பிச்சுக்கிட்ட ஆளுங்க, எந்த ஊர் எந்தக் காலம்னாலும் மனுஷன் மனுஷன் தான்.

அதே பட்டறை ஆளுங்க சாமி வேலை மட்டும் பண்ணலைங்கிறதும் முக்கியம். வட பிரான்ஸ்ல ஆர்த்வா பகுதியோட சீமாட்டி மஹோ, 1329ல செத்துப்போனவங்க, அவங்க வீட்டுக் கணக்குல ஜான் லெ செல்லர்னு ஒரு பாரிஸ் வியாபாரிகிட்ட தந்த சாமான் வாங்கினது எழுதியிருக்கு, சீப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி, வகிடு எடுக்கிற குச்சி உட்பட. கண்ணாடியோட பின்பக்கத் தந்தத்துல என்ன இருக்கும்னா, காதலனும் காதலியும் சதுரங்கம் ஆடறது, இல்லன்னா காதல் கோட்டையை வீரர்கள் முற்றுகையிடறதும் மேலேர்ந்து பொண்ணுங்க ரோஜாப்பூ வீசறதும். நகைப்பெட்டியில அந்தக் காலத்து பிரபலமான காதல் கதையில வர்ற டிரிஸ்டனும், மார்க் ராஜாவோட மனைவி இசோல்டும் மரத்தடியில ரகசியமா சந்திக்க, மரத்துமேல ஒளிஞ்சிருக்கிற அந்த ராஜாவோட மூஞ்சி கீழ தண்ணியில தெரியும். பால்டிமோர் வால்டர்ஸ் மியூசியத்துல, நியூயார்க் மெட்ரோபாலிடன்ல இந்தப் பெட்டிகள் இருக்கு. இப்ப அந்தக் காதலியோட முகத்தையும் மாதா முகத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அதே பாதாம் கண்ணு, அதே சின்ன வாய், அதே ஓரச் சிரிப்பு. அதே கை. ஒரு சீமாட்டி காலையில தலை வாரினப்ப பார்த்ததும், ராத்திரி முட்டி போட்டப்ப பார்த்ததும் ஒரே அழகு தான். சில பேர் இதைக் கேட்டா சங்கடப்படறாங்க, அந்தக் காலத்து ஆளுங்க சங்கடப்பட்ட மாதிரி தெரியல.

எல்லாத்துலயும் பெரிய பேர் வாங்கினது பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கிற சேன்த் ஷப்பெல் மாதா. இயேசு தலையில வச்சதா நம்பின முள்முடியை வைக்கிறதுக்காக ஒன்பதாம் லூயி ராஜா கட்டின அரண்மனைக் கோயில் சேன்த் ஷப்பெல், 1248ல அபிஷேகம் ஆச்சு. அந்தக் கோயிலோட பொக்கிஷப் பட்டியல்ல, 1279க்கு முன்னாடி எழுதினதுல, இந்த சுரூபம் வந்துடுது. 41 சென்டிமீட்டர் உயரம். மாதா கையில ஒரு ஆப்பிள், குழந்தை அதைப் பிடிக்கிறான், ஏவாள் தின்ன பழத்தை இங்க பிள்ளை வாங்கிக்கறான்னு அர்த்தம் சொல்லுவாங்க, ஆனா பார்க்கிறப்போ முதல்ல தோணறது அதெல்லாம் இல்ல, கையில இருக்கிறதை எல்லாம் பிடுங்கற வயசுப் பிள்ளை, அம்மா அவனைப் பார்த்து லேசா சிரிக்கறாங்க, அவ்ளோதான். சேலை மடிப்பு மாதிரி இடுப்புலேர்ந்து விழற துணி கனமா, ஆழமா, ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் நிழல் விழற அளவுக்கு வெட்டியிருக்காங்க. இது ராஜா வீட்டுக் கோயில்ல இருந்ததால தனி ஆள் பூசை சாமான் வகையில நேரா வராது, ஆனா இதைப் பார்த்து காப்பி அடிச்ச சின்ன மாதாக்கள் எத்தனையோ, வீட்டு ஜெபத்துக்குப் போனது அவைதான்.

இதோட சாய்வைப் பத்தி எல்லா கைடும் ஒரு கதை சொல்லுவாங்க, தந்தம் வளைஞ்சிருக்கும், அதனால மாதாவும் வளைஞ்சாங்கன்னு. பாதி உண்மை. பெரிய சுரூபங்கள் சிலதுல தந்தத்தோட வளைவு உடம்புல அப்படியே தெரியும். ஆனா அதே இடுப்புச் சாய்வு அதே காலத்து கல் சிற்பத்துலயும் இருக்கு, ஓவியத்துலயும் இருக்கு, கல்லுக்கு யாரு வளைவு கொடுத்தா? பிள்ளையை இடுப்புல வச்ச எந்த அம்மாவும் அப்படித்தான் நிப்பாங்க. தந்தம் அந்த பாணிக்கு தோதா அமைஞ்சுது, பாணியை உண்டாக்கல.

கடைசி கேள்வி, வெள்ளை. அது முழுக்க வெள்ளையா இருந்ததில்ல. முடியில தங்கம், அங்கியோட ஓரத்துல தங்கக் கரை, உள்பக்கத் துணி மடங்கி வெளிய தெரியற இடத்துல நீலம், சில இடத்துல சிவப்பு, பச்சை, உதட்டுல லேசா ஒரு சிவப்பு, கண்ணுல மணி. பலகைகள்ல பின்னணிக்கு வண்ணம் கொடுத்ததும் உண்டு. ஆனா முகம், கை, துணியோட பெரும்பகுதி எல்லாம் தந்தமாவே விட்டுட்டாங்க, மரச் சுரூபம் மாதிரி முழுசா பூசல. தந்தமே விலை, அதை மூடறதுக்கா வாங்கினான். அப்புறம் காலப்போக்குல உதிர்ந்தது பாதி, 19ம் நூற்றாண்டுல பழசுன்னா வெள்ளையா இருக்கணும்னு நினைச்சு சுரண்டினது பாதி, அதுக்கு நேர் எதிரா வெறுமையா இருக்கேன்னு புதுசா வண்ணம் அடிச்சதும் நடந்துச்சு. இப்ப லேப்ல பார்த்துத்தான் எது பழைய நீலம் எது புது நீலம்னு பிரிக்கறாங்க. இன்னொரு சின்ன விஷயம், தந்தம் இருட்டுல வச்சா மஞ்சளாகும், வெளிச்சத்துல வெளுக்கும், அதனால மூடியே வச்சிருந்த பலகையும் திறந்தே வச்சிருந்த பலகையும் ஒரே யானையோடதா இருந்தாலும் இன்னிக்கு நிறம் வேற வேறயா இருக்கலாம்.

அந்தப் பொருள் மேல அவ்ளோ பிரியம் ஏன்னா விலை மட்டும் காரணம் இல்ல. வெண்மைன்னா கன்னிமை. சாலமோன் ராஜா தந்தத்துல பெரிய சிங்காசனம் செஞ்சார்னு வேதத்துல வருது, அந்த சாலமோனை விட பெரியவரை மடியில வச்சிருக்கிற மாதாதான் உண்மையான சிங்காசனம்னு வியாக்கியானம் பண்ணாங்க. அதே வேதத்துல உன்னதப்பாட்டுங்கிற பகுதியில பொண்ணோட கழுத்து தந்த கோபுரம் மாதிரின்னு வரும், அதையும் மாதாவுக்கு எடுத்துக்கிட்டாங்க. நம்ம ஊர் கத்தோலிக்க வீட்டுல வளர்ந்தவங்க யோசிச்சு பாருங்க, மாதா பிரார்த்தனையில தந்தமயமான உப்பரிகையேன்னு சொல்லி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு ஓட்டமா பாடிட்டுப் போவோம்ல, அது இந்த வழியில வந்தது தான். மாதாவையே தந்தம்னு கூப்பிட்டு ஜெபிக்கிறவனுக்கு மாதாவை தந்தத்துல பார்க்கிறது எப்படி இருந்திருக்கும். அந்த ஒரு விஷயத்துல மரமோ வெள்ளியோ போட்டி போட முடியாது.

1300களோட கடைசியில இது இறங்க ஆரம்பிச்சுது. 1348 கொள்ளைநோய், இங்கிலாந்தோட நடந்த நூறாண்டுச் சண்டை, கூடவே தந்த வரத்து குறைஞ்சுது. இத்தாலியில எம்ப்ரியாக்கி குடும்பத்துப் பட்டறை எலும்பைத் துண்டு துண்டா ஒட்டி பெரிய பெரிய பீட வேலை பண்ணி பிரெஞ்சு பிரபுக்களுக்கே வித்தாங்க. அப்புறம் மரக்கட்டையில அச்சடிச்ச படம் வந்துச்சு, காசு கம்மியா இருக்கிறவனும் வீட்டுல ஒரு மாதாவை ஒட்டிக்கலாம்னு ஆச்சு.

போலிகளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட முடியாது. 19ம் நூற்றாண்டுல பாரிஸ்ல கோதிக் சாமானுக்கு வெறி பிடிச்ச மாதிரி ஏலம் நடந்துச்சு. சேன்த் ஷப்பெல் மாதாவையே லூவ்ர் வாங்கினது 1861ல சோல்திகாஃப் பிரபுவோட தொகுப்பு ஏலம் போனப்ப தான். அவ்ளோ கிராக்கி இருந்தா போலி வராம இருக்குமா, நல்லா கை தேர்ந்த ஆளுங்களே செஞ்சாங்க. கார்பன் டெஸ்ட் எடுத்தா யானை எப்ப செத்துச்சுன்னு தெரியும், ஆள் எப்ப செதுக்கினான்னு தெரியாது, பழைய தந்தத்துல புதுசா செதுக்கினா டெஸ்ட் ஏமாந்துடும். அதனால ஆய்வாளருங்க பின்பக்கத்தைத்தான் முதல்ல திருப்பிப் பார்ப்பாங்க: கீல் பதிச்ச குழி பழசா, கீலை மாத்தினப்ப அடைச்ச துளை இருக்கா, தேய்மானம் கை படற இடத்துல இருக்கா இல்ல எங்கயும் சமமா அரம் போட்ட மாதிரி இருக்கா. ஒத்தைப் பலகையா இருக்கிறதுல கீல் தடம் இடது ஓரத்துலயா வலது ஓரத்துலயான்னு பார்த்தே தொலைஞ்ச ஜோடி எந்தப் பக்கம்னு சொல்லிடலாம். பிரிஞ்சு போனது சேர்றதும் நடக்குது. லூவ்ர்ல சிலுவையிலேர்ந்து இறக்கற காட்சின்னு 1260, 1280 வாக்குல செஞ்ச ஒரு சுரூபக் கூட்டம் இருக்கு, அரிமத்தேயா ஊர் சூசை இயேசுவோட உடம்பை தோள்ல வாங்கறார், மாதா அந்தக் கையைப் பிடிச்சு முத்தமிடறாங்க. அதுல காணாம போயிருந்த யோவான் சுரூபமும், கண்ணைக் கட்டின பொண்ணா காட்டற யூத ஜெபக்கூடத்தோட உருவமும் தனியார் கையிலேர்ந்து வெளிய வந்தப்ப, ஜனங்ககிட்ட நன்கொடை திரட்டி 2013ல லூவ்ர் வாங்கிடுச்சு.

ஒரிஜினல் எங்கயாவது விலைக்கு கிடைக்குமான்னு அடுத்து கேக்கத் தோணும். இந்தியாவுல தந்தம் வாங்கறது விக்கிறது சட்டப்படி குத்தம், பிரிட்டன்லயும் 2018ல போட்ட தந்தச் சட்டத்துக்கு அப்புறம் ரொம்ப கெடுபிடி, அந்த ஆசையை விட்டுடுங்க. அதுக்கு பதிலா லண்டன் கோர்டால்ட் இன்ஸ்டிட்யூட் நடத்தின கோதிக் ஐவரிஸ் ப்ராஜெக்ட்னு ஒரு ஆன்லைன் தொகுப்பு இருக்கு, உலகம் பூரா மியூசியங்கள்ல இருக்கிறது ஐயாயிரத்துக்கு மேல படத்தோட ஏத்தியிருக்காங்க, காசு கிடையாது. நீங்க பார்த்த பலகையோட சீட்டுல ஒரு நம்பர் இருந்திருக்கும், அதைப் போட்டு தேடுங்க, மியூசியம் காட்டாத பின்பக்கப் படம் பலதுக்கு அங்க இருக்கு, கீல் குழியிலேர்ந்து ஆரம்பிச்சு பாருங்க.